சுழி அடைத்த எழுத்து

கீழ்த்தளத்தில் அச்சகம், மேல்தளத்தில் குடித்தனம். தொழிலைத் தொடங்கியவர் மாமனார். இப்போது மூத்த மகன் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டான். அவன் மனைவி கணினி முன் உட்கார்ந்து அழைப்பிதழ், கடைப் பலகை, சோப்பு உறை என்று வருவதையெல்லாம் வடிவமைத்தாள். மூத்தவன் மனைவி என்பதால் வீட்டிலும் கடையிலும் அவளுக்குப் பெரியவள் என்றே பெயர்.

பெரியவள் இந்த வேலையை எங்கும் போய்ப் படித்ததில்லை. கல்யாணமான புதிதில் சும்மா உட்காரப் பிடிக்காமல் மவுஸைக் கையில் எடுத்தவள், பிறகு விடவே இல்லை. அழகான எழுத்துரு எதைக் கண்டாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வாள். வால் சுருண்டது, பூ வைத்தது, தூரிகையால் ஒரே இழுப்பில் எழுதியதுபோல இருப்பது என்று ஒன்றையும் விடமாட்டாள். ஓர் அழைப்பிதழுக்குள் நாலைந்து வகை எழுத்து கைகோத்து ஆடும். "எழுத்தெல்லாம் நகை போட்டுக்கிட்டு நிக்குதும்மா" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதை அவள் பல வருடம் நெஞ்சில் வைத்திருந்தாள். அந்தத் தெருவில் வடிவமைப்பு என்றால் பெரியவள்தான். அவளுக்கும் அது தெரியும்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். அவள் சின்னவள் ஆனாள்.

சின்னவள் வடிவமைப்பைக் கல்லூரியில் படித்தவள். இருந்தாலும் வந்த உடனே கீழே இறங்கிவிடவில்லை. பெரியவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ. பெரியவள் கூப்பிடவில்லை. மாமனார்தான் ஆரம்பித்து வைத்தார். தன்னுடைய விசிட்டிங் கார்டு தீர்ந்துவிட்டது, புதிதாக அடிக்க வேண்டும் என்று வந்து நின்றார். பெரியவள் ஒரு மிட்டாய் உறையின் அவசரத்தில் இருந்தாள்.

"நான் பண்ணட்டுமாக்கா?" என்றாள் கூட வந்திருந்த சின்னவள்.

"பண்ணேன். யாரு வேணாங்கறா?" என்றாள் பெரியவள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கார்டு அச்சாகி வந்தது. மாமனார் அதைக் கையில் வாங்கினார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். தேடுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"அட, கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுதே!"

தன் பெயரைத் தானே உரக்கப் படித்தார். போன் நம்பரைப் படித்தார். இயந்திரம் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பார்சல் கொடுக்க வந்த கூரியர்காரரையும் விடவில்லை. அவர் போனபிறகு பெரியவள் ஒரு கார்டை எடுத்துப் பார்த்தாள். ஒரே வகை எழுத்து. பெயர் தடிப்பாக, மற்றதெல்லாம் மெலிதாக. சுற்றிலும் காலி இடம். இவ்வளவுதானா? இதற்குப் போயா இந்த ஆர்ப்பாட்டம்?

அப்புறம்தான் அது உறைத்தது. பழைய கார்டு அவள் வடிவமைத்தது. இத்தனை வருடம் மாமனார் அதை எல்லாருக்கும் கொடுத்தாரே தவிர, ஒருநாளும் படித்ததில்லை. வயிற்றுக்குள் எதையோ பற்ற வைத்ததுபோல இருந்தது.

அன்று சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"அது எப்படிம்மா, ஒரே எழுத்துல தடிப்பும் மெலிசும் வருது?" என்று கேட்டது பெரியவளின் கணவன். அவளிடம் அவன் ஒருநாளும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "எப்ப முடியும்?" என்பது ஒன்றுதான் அவன் அவளிடம் கேட்கும் கேள்வி.

"அது ஒரு ஃபேமிலி அத்தான்" என்றாள் சின்னவள். "எழுத்துருக் குடும்பம். மெலிசு, நடுத்தரம், தடிப்பு, சாய்வு எல்லாத்தையும் ஒரே ஆளு ஒண்ணா உக்காந்து வரைஞ்சிருப்பாரு. ஜாடை ஒண்ணா இருக்கும், உடம்புதான் வேற."

"ஏன், கம்ப்யூட்டர்ல போல்டுன்னு அமுக்கினா தடிப்பாகிடுதே?"

"அது நிஜ போல்டு இல்ல. அந்த எழுத்தைச் சுத்தியே மையை அப்பிடும். ணகரத்துல மூணு சுழி இருக்குல்ல, அது அடைச்சிடும். மேல இருக்கிற புள்ளி கட்டியாயிடும். குடும்பத்துல நிஜமாவே ஒரு போல்டு இருந்தா, வரையும்போதே சுழியை அகலமா வெச்சிருப்பாங்க, தடிச்சாலும் மூச்சு விடற மாதிரி." சின்னவள் விரலால் மேசைமேல் வரைந்து காட்டினாள். "ஒரு கார்டுல ஒரு குடும்பம் போதும். மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல கூப்பிட்டா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுத் தள்ளுவாங்க."

"ஒரு குடும்பத்துக்குள்ளயே அதுதானே நடக்குது" என்றார் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள். சமையலறை வாசலில் நின்ற பெரியவளும் சிரித்தாள். அவள் சிரிப்பு உதட்டுக்கு மேல் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்தவை அவளுக்கே பிடிக்காதவை. சின்னவள் கணினி முன் உட்காரும் நேரம் பார்த்து மாடியிலிருந்து குரல் கொடுப்பாள்: "துணி காஞ்சு கிடக்கே, யாராவது எடுத்து மடிச்சா தேவலை." சின்னவள் வேலையைப் பாதியில் விட்டு வந்து மடிப்பாள். கணவன் வாயில் 'சின்னவ' என்ற சொல் வரும்போதெல்லாம் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. சின்னவள் இல்லாத நேரத்தில் அவள் செய்தவற்றைத் திறந்து, பெரிதாக்கி, குறை தேடினாள். கிடைக்கவில்லை. அதுதான் கொடுமை.

ஒருநாள் யாருக்கும் தெரியாமல் தானே அந்த மாதிரி ஒன்று செய்து பார்த்தாள். அலங்காரமில்லாத ஓர் எழுத்துருவை எடுத்து, காலி இடம் விட்டு, ஒரு பூக்கடைக்குப் பலகை. வெள்ளையடித்த சுவரில் யாரோ அடையாளத்துக்குக் கிறுக்கிவிட்டுப் போனதுபோல வந்தது. அதையேதான் அவளும் செய்கிறாள், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? கோப்பை அழித்தாள். அழித்தபிறகு திரும்பிப் பார்த்தாள், யாராவது பார்த்துவிட்டார்களோ என்று.

இந்த நேரத்தில்தான் கண் டாக்டர் வந்தார்.

டாக்டரம்மா பழைய வாடிக்கையாளர். அவருடைய சிறிய கிளினிக்குக்கு வேண்டிய சீட்டு, உறை எல்லாம் பெரியவள் செய்ததுதான். இப்போது புதிய கட்டடம் கட்டியிருந்தார். மூன்று மாடி, நிறைய அறைகள். எங்கே போக வேண்டும் என்று காட்டும் பலகைகள், அறைப் பெயர்கள், அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் படிக்க ஒரு தாள். எல்லாம் வேண்டும்.

வந்தவர் வழக்கம்போலப் பெரியவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியவளுக்குத் தெம்பு வந்தது. பழைய பலகைகளைவிடப் பெரிதாக, நீலத்தில், எழுத்தைச் சுற்றி வெள்ளிக் கோடு என்று சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் தலையாட்டினார்.

அப்போது அடுத்த மேசையிலிருந்து சின்னவள் கேட்டாள்: "டாக்டர், உங்ககிட்ட வர்றவங்களுக்குக் கண்ணு எப்படித் தெரியும்? மங்கலாவா, இல்ல ஓரம் மட்டும் தெரியாம இருக்குமா? சொட்டு மருந்து விட்ட பிறகு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?"

டாக்டர் நாற்காலியோடு அப்படியே சின்னவள் பக்கம் திரும்பினார். "இதை இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேட்டதில்லை" என்றார்.

அவர் கிளம்பும்வரை அந்த நாற்காலி இந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரியவள் டாக்டரின் முதுகையும் பின்னலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுவந்து வைத்ததும் அவள்தான்.

வேலை சின்னவளுக்குப் போயிற்று. அவள் அதில் மூழ்கிப் போனாள். இதற்கென்று ஓர் எழுத்துருக் குடும்பத்தைத் தேடிப் பிடித்தாள். அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்து வாசல்வரை போய்ப் பார்ப்பாள். கொழுந்தனின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மங்கலாகப் பார்ப்பாள். மாமனார் இதை வேடிக்கை பார்க்கவே கீழே வந்து உட்கார ஆரம்பித்தார்.

எல்லாம் முடிகிற சமயத்தில் சின்னவளின் அம்மா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சின்னவள் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினாள். மறுநாள் போனில் பேசினாள்.

"அக்கா, நாளைக்கு டாக்டர் பலகை மாதிரியெல்லாம் பார்க்க வர்றாங்கல்ல? ஃபைலை உங்க கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கேன். பக்கத்துலயே ஃபாண்ட் ஃபோல்டர் இருக்கு. முதல்ல அதை ஏத்திட்டு அப்புறமா ஃபைலைத் திறங்க. மறந்துடாதீங்கக்கா."

"எனக்குத் தெரியாதா? நீ அம்மாவைப் பாரு" என்றாள் பெரியவள்.

மதியம் கடையில் யாருமில்லை. கணவன் காகிதம் வாங்கப் போயிருந்தான். பெரியவள் கோப்பைத் திறந்தாள். எழுத்துருவை ஏற்றவில்லை. மறந்து போயிருந்தாளா என்று கேட்டால், இல்லை. என்ன ஆகும் என்று பார்க்கலாமே என்றுதான் நினைத்தாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த எழுத்துரு இங்கே இல்லை, வேறொன்றைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினாள்.

பலகைகள் ஒவ்வொன்றாக உருக்குலைந்து விரிந்தன. கணினி தன்னிடமிருந்த ஏதோ ஒரு எழுத்தை எடுத்து, தடிப்பு கேட்ட இடத்திலெல்லாம் மையை அப்பியிருந்தது. 'வெளியே செல்லும் வழி' என்பது ஒரு வரியில் கொள்ளாமல் கடைசி எழுத்து மட்டும் கீழே விழுந்து கிடந்தது. 'கண்' என்ற சொல்லில் ணகரத்தின் சுழிகள் மூன்றும் அடைத்துக் கறுப்புக் கட்டியாக நின்றன. மேலே இருந்த புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குக் கொடுக்கும் தாளில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் கொம்பை மிதித்தது.

பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அச்சிடு என்று அழுத்தினாள். நான் எதையும் மாற்றவில்லை, அவள் வைத்த கோப்பைத்தான் அச்சடித்தேன் என்று அந்த நிமிடமே ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் தாள்களைப் புரட்டினார். ஒரு தடவை புரட்டி, மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"இதுவா?" என்றார். "அந்தப் பொண்ணு அவ்வளவு கேள்வி கேட்டுச்சே."

கணவனின் முகம் சுண்டிப்போயிற்று. மாமனார் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டும் பார்த்தார். தாளைக் கீழே வைத்தார்.

"சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது" என்றாள் பெரியவள் மெல்ல. "நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க டாக்டர். நான் போட்டுத் தர்றேன்."

"சரிம்மா, நீங்களே பண்ணுங்க" என்று டாக்டர் எழுந்தார்.

கணவன் அப்போதே சின்னவளுக்குப் போன் போட்டான். "படிச்ச படிப்புக்கு இதுதான் லட்சணமாம்மா? வாடிக்கையாளர் முன்னால எங்க மானம் போச்சு" என்று பொரிந்து தள்ளினான். அந்தப் பக்கமிருந்து "சரி அத்தான்" என்று மட்டும் சத்தம் கேட்டது. பெரியவள் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

சின்னவள் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. பையை வைத்துவிட்டு நேராகக் கீழே வந்தாள். தள்ளி வைத்திருந்த தாள்களிலிருந்து ஒன்றை எடுத்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்ததைப் பெரியவளும் பார்த்தாள். சின்னவள் தலையைத் தூக்கி ஓரகத்தியின் கண்களைப் பார்த்தாள். பெரியவள் தயாராக வைத்திருந்த பதில் தொண்டை வரை வந்தது.

சின்னவள் எதுவும் கேட்கவில்லை. தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "அம்மாவுக்கு இப்ப பரவாயில்லக்கா" என்று சொல்லி மாடிக்குப் போனாள்.

இன்று சொல்வாள் என்று பெரியவள் காத்திருந்தாள். சொல்லவில்லை. புருஷன் காதிலாவது போட்டிருப்பாள் என்று நினைத்தாள். கொழுந்தன் எப்போதும்போல "அண்ணி, டீ இருக்கா?" என்று வந்து நின்றான். அவனுக்கும் தெரியாது.

டாக்டரின் வேலையும் நகரவில்லை. பெரியவள் வெள்ளிக் கோடு போட்டாள், எடுத்தாள். வால் சுருண்ட எழுத்தை வைத்தாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி ஒருவர் இந்தப் பலகைக்குக் கீழே வந்து நிற்பதுபோல ஒரு படம் மனதுக்குள் வந்தது. அவரால் இதைப் படிக்க முடியாது. அவளுக்கு அது இப்போது தெரிந்தது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துருவை ஏற்றி, சின்னவளின் கோப்பைச் சரியாகத் திறந்து பார்த்தாள். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து அமைதியாக இருந்தது. 'கண்' என்ற சொல்லில் மூன்று சுழியும் திறந்து, தடிப்பாக இருந்தாலும் காற்றோட்டமாக நின்றது. அழகாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இது நல்லது என்று இந்த வீட்டில் வேறு யாரையும்விடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதுதான் அவளை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னவள் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். மாமனார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெரியவனே, அன்னிக்கு நீ போன்ல அவ்வளவு பேசியிருக்கக் கூடாதுப்பா. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை பாரு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கலை. எவ்வளவு பொறுமை! இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்தக் குணம்?"

"ஆமாப்பா" என்றான் கணவன். "எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நல்ல குணம்தான் அவளுக்கு."

பெரியவள் கையில் கரண்டி இருந்தது. அதைப் பாத்திரத்துக்குள் போட்டாள். அது போட்ட சத்தத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன பெரிய பொறுமை? அவ ஒண்ணும் பொறுமைசாலி இல்ல!" என்றாள். "அதைக் கெடுத்தது நான்தான். ஃபாண்ட்டை ஏத்தாம பிரிண்ட் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே வாயைத் திறக்காம உக்காந்து உங்க எல்லார்கிட்டயும் நல்ல பேரு வாங்கிட்டு இருக்கா. வேலையிலதான் நல்ல பேரு வாங்கிட்டா, சரி. குணத்துக்கும் அவளுக்கேதானா? எனக்குன்னு இந்த வீட்டுல ஒண்ணுமே மிச்சம் வெக்க மாட்டாளா?"

தண்ணீர்ச் செம்போடு வாசலில் சின்னவள் நின்றிருந்தாள்.

"என்னம்மா சொல்றே?" என்றார் மாமனார், ஒன்றும் புரியாமல்.

கணவன் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டான். "உனக்கு என்ன ஆச்சு? தெரிஞ்சேவா பண்ணினே?"

"ஆமா."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்" என்றாள் பெரியவள். அந்தச் சொல்லைச் சொன்னதும் முதுகிலிருந்து மூட்டையை இறக்கினதுபோல இருந்தது. "வேற என்ன?"

கொழுந்தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா? என்கிட்டகூட ஏன் சொல்லலை?"

சின்னவள் செம்பை மேசைமேல் வைத்தாள். "அக்கா சொல்றது சரிதான்" என்றாள். "நான் ஒண்ணும் பொறுமைசாலி இல்ல."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அத்தான் போன்ல திட்டினப்ப ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அம்மாவுக்கு மருந்து குடுத்துட்டு இருந்தேன், கை ஒழியலை. எல்லாத்தையும் அம்மா கேட்டாங்க. கட்டுப் போட்ட காலோட என்னைப் பார்த்து, 'நீ சரியா வேலை செய்யறதில்லையா?'ன்னு கேட்டாங்க." செம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "வந்து பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒருநாள் சண்டையோட முடிஞ்சு போயிருக்கும். சொல்லாம வெச்சிருந்தா அக்கா தினமும் பயந்துகிட்டே இருப்பாங்கல்ல? இருக்கட்டும்னுதான் விட்டேன். நல்ல மனசால இல்ல."

பெரியவள் வாயைப் பிளந்தபடி ஓரகத்தியைப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அடிப்பாவி, நல்லாத்தான் பயந்தேன்" என்றாள். "ஒருநாள்கூட ஒழுங்காத் தூங்கலை."

"தெரியும்" என்றாள் சின்னவள். அவள் சிரிக்கவில்லை. "உங்க அம்மா முன்னால உங்களை யாராவது அப்படிப் பேசியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கக்கா?"

பெரியவளின் சிரிப்பு நின்றது. "போன் போட்டுக் குடு. உங்க அம்மாகிட்ட நானே பேசறேன்" என்றாள்.

பேசினாள். எல்லார் முன்னாலும் நின்று, சின்னவள்மேல் தப்பே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பெரியவளின் காது மட்டும் சிவந்துபோயிற்று. வெகுநேரம் "ஆமாங்க, ஆமாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவன் சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டான். மனைவியோடு பல நாள் பேசவில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். அந்தத் தண்டனையைப் பெரியவள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டாள்.

திங்கட்கிழமையே ஓரகத்திகள் இருவரும் கண் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். நடந்ததைப் பெரியவளே சொன்னாள். வயிற்றெரிச்சல் என்ற சொல்லை மட்டும் அங்கே சொல்லவில்லை. எழுத்துருவை ஏற்றாமல் அச்சடித்தது என் தப்பு என்றாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீதியை அவர் ஊகித்திருக்கலாம். "சரி, சரியானதைக் காட்டுங்க" என்றார்.

சின்னவள் பலகை மாதிரிகளைப் பழைய கிளினிக்கின் தாழ்வாரத்துக் கோடியில் ஒட்டினாள். காத்திருந்தவர்களிடம் டாக்டர் படிக்கச் சொன்னார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா, "வெளியே செல்லும் வழி" என்று படித்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு நேரம் உக்கார வெச்சீங்களா?" என்று எழுந்து போகப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் முகம் பூத்தது. பெரியவளின் வயிற்றில் பழைய சூடு ஒரு தடவை எட்டிப் பார்த்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்து, வீட்டுக்குக் கொடுக்கும் தாள். அதை வாங்கினவர்கள் கையை நீட்டி நீட்டித் தள்ளிப் பிடித்தார்கள். ஒரு பெண்மணி ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். சின்னவள் உதட்டைக் கடித்தாள்.

"மெலிசு ரொம்ப மெலிசா இருக்கு" என்றாள் பெரியவள். இத்தனை நாள் குறை தேடித் தேடிப் பார்த்த கண் அது. "பலகையில பெருசா இருக்கும்போது அழகுதான். இவ்வளவு பொடியாக்கினா தாள்ல கரைஞ்சு போகுது. அதே குடும்பத்துல நடுத்தரம் இருக்கே, அதைப் போடேன். வரிக்கு நடுவுல இன்னும் கொஞ்சம் இடம் விடு, காலும் கொம்பும் இடிக்காம."

"கரெக்ட்" என்றார் டாக்டர், பெரியவள் பக்கம் திரும்பி.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் சின்னவள் வெடுக்கென்று.

பெரியவள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். சின்னவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு பெரியவளுக்கு நன்றாகப் பழக்கமானது. கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! மனதுக்குள் ஒரு திருப்தி பரவியது. அது நல்ல திருப்தியல்ல என்று அவளுக்கே தெரியும்.

புதிய கட்டடம் திறந்தபோது பலகைகள் எல்லாம் சின்னவள் வடிவமைத்தபடியே மாட்டப்பட்டன. தாள் இருவரும் சேர்ந்து செய்தது. அதற்குப்பின் பெரியவள் தன் கணினியிலிருந்த எழுத்துருக்களில் பாதியை நீக்கினாள். எதைப் பெயர்சூட்டு விழா அழைப்பிதழுக்குப் போடலாம், எதைப் போட்டால் பொடி எழுத்தில் புள்ளி காணாமல் போகும் என்று சின்னவளிடம் கேட்கவும் ஆரம்பித்தாள். கேட்கும்போது குரல் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வரும். சின்னவளும் பாடம் நடத்துகிற தொனியில்தான் சொல்வாள். இருவருக்கும் அது எரிச்சல்தான். ஆனால் துணி மடிக்கக் கூப்பிடும் வழக்கம் நின்றுபோயிற்று.

ஒரு மாதம் போனதும் செருப்புக் கடைக்காரர் ஒருவர் வந்தார். சின்னவள் செய்த மாதிரியை எட்டவைத்துப் பார்த்தார், கிட்டவைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கேம்மா. என் கடைக்கு வர்றவன் வாசல்லயே குஷியாகணும். முன்னால ஒருத்தங்க பண்ணுவாங்களே, எழுத்து டான்ஸ் ஆடுமே, அவங்க இல்லையா?"

"இதோ இருக்கேன்" என்றாள் பெரியவள். அவள் வாயெல்லாம் பல்.

அன்று முழுக்கச் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்றாள். பெரியவள் இரண்டே குடும்பத்தை எடுத்து, ஒன்றைக் குதிக்கவிட்டு மற்றதை அடக்கி வைத்து, செருப்புக் கடைப் பலகையைச் செய்து முடித்தாள். சின்னவள் அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனாள். மூன்றாவது தடவை நின்றாள்.

"அந்த ஆரஞ்சு கொஞ்சம் அதிகம்கா."

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் பெரியவள்.

"ஆமா" என்றாள் சின்னவள். "ஆனாலும் ஆரஞ்சு அதிகம்தான்."

பெரியவள் தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஆரஞ்சைக் கொஞ்சம் குறைத்தாள்.